எரியக் காத்திருக்கும் ஒரு கொப்பி: மலையகத்தில் ஏழு நாள்

முதல் நாள்: வவுனியாவிலிருந்து ஹட்டனுக்கு

விடியுமுன்னே வவுனியாவில் கண்டி பஸ் ஏறிவிட்டேன். என் அம்மாயி பிறந்து வளர்ந்த தோட்டத்துக்குப் போகிறேன். 1977 ஆவணியில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில், கைக்குழந்தையாக இருந்த என் அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஹட்டன் பக்கத்திலிருந்து வவுனியாவுக்கு வந்தவர் அம்மாயி. பிறகு ஒருதரம்கூட மலைக்குத் திரும்பவில்லை. போன ஐப்பசியில் தவறிவிட்டார். மாசி அமாவாசை கழிந்தால் போதும், முற்றத்தில் உட்கார்ந்து, "இந்நேரம் அங்க காமன் ஊண்டியிருப்பாங்க" என்று தொடங்குவார். காமன் கூத்துக்குக் கம்பம் நடுவதைத்தான் சொல்வார். அடுத்து வருவது எப்போதும் அதே கதைதான்.

அந்தக் கதையை இப்போதே சொல்லிவிடுகிறேன். கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் பாதி காலி. கூத்தில் ரதி வேடம் கட்டுகிறவர், மதன் வேடம் கட்டுகிறவர், தப்புப் பறை அடிக்கிறவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். அடுத்த மாசியில் காமன் ஊன்ற ஆளில்லை. ஆனால் பௌர்ணமி இரவு, கூத்து நடக்கும் காமன் பொட்டலிலிருந்து தப்புச் சத்தம் கேட்டதாம். கதவைத் திறந்து பார்த்தவர்கள் கண்ணுக்கு ஒருத்தரும் தெரியவில்லை. தோட்டத்தில் மிச்சமிருந்த உறவுக்காரர் ஒருவர் கடிதத்தில் எழுதிய செய்தி இது. இந்த இடத்தில் அம்மாயி குரலைத் தாழ்த்துவார். "ரெண்டு தப்பு கேட்டுச்சாம். ஒன்னு அடிக்க, இன்னொன்னு பதில் சொல்லுச்சாம்."

சிறு வயதில் இதைக் கேட்ட இரவுகளில் போர்வையை விட்டுக் காலை வெளியே நீட்டமாட்டேன்.

தம்புள்ளை தாண்டி மாத்தளை வரும்வரை ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கோப்பித் தோட்டக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே நடந்து மாத்தளைக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். வாந்திபேதியிலும் அம்மையிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். பஸ் முத்துமாரியம்மன் கோயிலைக் கடந்தபோது மாசி மகத் திருவிழாவுக்குக் கொடி ஏறியிருந்தது. ஐந்து தேர்கள் தெருவில் வருகிற திருவிழா. அத்தனை தூரம் நடந்து, உயிரோடு வந்து சேர்ந்தவர்களுடைய பிள்ளைகள் இழுக்கிற தேர் என்று நினைத்ததும் கை தானாகக் கும்பிட்டது.

கண்டியில் பஸ் மாறி, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக ஹட்டன். இறங்கும்போது பின்னேரம் நான்கு மணி, குளிர் காதைப் பிடித்தது.

இரண்டாம் நாள்: கொப்பி

தோட்டத்தின் பெயரை எழுதவில்லை; அங்கிருப்பவர்கள் அப்படிக் கேட்டுக்கொண்டார்கள். நான் தேடிப்போனவர் காமன் மாஸ்டர். எழுபதை நெருங்குகிறார். கூத்தைப் பழக்குவது, பாட்டை எடுத்துக் கொடுப்பது, நாள் பார்த்துக் கம்பம் ஊன்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. அம்மாயி பெயரைச் சொன்னதும் லயத்து முன் திண்ணையான இஸ்தோப்பில் பாய் விரித்து உட்கார வைத்தார். "மேட்டு லயத்துப் புள்ளையோட பேத்தியா?" என்று இரண்டு தரம் கேட்டார். நான் அவரைத் தாத்தா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

காமன் கூத்து தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். தவத்தில் இருக்கிற சிவன்மேல் மன்மதன் மலர்க்கணை விடுகிறான்; சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்கிறார்; மன்மதன் சாம்பலாகிறான்; ரதி அழுது புரண்டு கேட்டதற்கு இரங்கி, அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி அவனுக்கு உயிர் திரும்புகிறது. மலையகத் தோட்டங்களில் மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றுவார்கள். கரும்பு, ஆமணக்கு, வைக்கோல், வரட்டி எல்லாம் சேர்த்துக் கட்டியது அது. அன்று முதல் இரவுதோறும் தப்பும் பாட்டும். பௌர்ணமி இரவு காமன் எரிவான். வேடம் கட்டுகிறவர்கள் அதுவரை விரதம். ரதியும் ஆண்தான்.

கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கத்தில் இதே கதையை வைத்து லாவணி பாடுவார்கள். எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு பக்கமாகப் பிரிந்து, காமன் உண்மையில் எரிந்தானா இல்லையா என்று விடிய விடிய பாட்டிலேயே வாதாடுவார்கள். தாத்தாவிடம் இதைச் சொன்னேன். "நாங்க எரிஞ்ச கட்சி" என்றார் உடனே.

விளக்கு வைத்த பிறகுதான் கூத்துப் பாட்டு எழுதிய கொப்பி வந்தது. அடுப்புக்கு மேலே உள்ள பரணில், மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். புகை பட்டால் பூச்சி அண்டாது. அந்தக் காலத்தில் ஓலை ஏடுகளையும் அடுப்படியில்தான் தொங்கவிட்டார்கள். அட்டை கரியேறிக் கறுத்துவிட்டது. உள்ளே நீல மை, சரிந்த எழுத்து. தாத்தாவின் அப்பா அவருடைய அப்பாவின் கொப்பியைப் பார்த்து எழுதியது. வரிகளுக்கு நடுவே, எங்கே தப்பு நிற்க வேண்டும், எங்கே கூட்டம் திருப்பிப் பாட வேண்டும் என்று சின்னச் சின்னக் கோடுகள். ஓரிடத்தில் மெழுகுவர்த்தி சொட்டிய வட்டம். இன்னொரு பக்கத்தில் குழந்தை கிறுக்கிய ஒரு பூனை. அந்தக் குழந்தை தாத்தாதானாம்.

கொப்பிக்கு இரண்டு கட்டுப்பாடு. கம்பம் ஊன்றிய நாளிலிருந்து எரிந்த மறுநாள் வரைதான் அதைத் திறக்கலாம். ரதி புலம்பலை வீட்டுக்குள் வைத்து வாசிக்கக்கூடாது, எழுதவும் கூடாது, வெளியில் வைத்துத்தான். "தாலி அறுக்கிற பாட்டு. வீட்டுக்குள்ள ஆகாது" என்றார்.

மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. அதை அவர் பேத்திதான் சொன்னாள். உயர்தரம் (ஏ.எல்.) படிக்கிறாள், எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. இரண்டு மாசியாக அவள் இதைப் புதுக் கொப்பிக்கு எழுதி வருகிறாள். "நான் எழுதி முடிச்சா, பழச காமனோட வச்சு எரிச்சிருவோம் அக்கா. தாத்தாவோட அப்பாவும் அப்பிடித்தான் செஞ்சாராம்."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

மூன்றாம் நாள்: அடுப்படி

காலையில் தாத்தாவிடம் கேட்டே விட்டேன். எரிக்க வேண்டாம், கொழும்புக்குக் கொண்டுபோகலாம், நூலகம் நிறுவனம் பழைய தமிழ் நூல்களை மின்வடிவில் சேர்த்து வைக்கிறது, அவர்களிடம் காட்டலாம் என்றேன். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்டுவிட்டதைக் கேட்டு உ.வே.சாமிநாதையர் துடித்ததைச் சொன்னேன். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் 97,000 நூல்கள் வெந்ததையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அது அடுத்தவன் வச்ச தீ. இது நாங்க வைக்கிற தீ. எரிஞ்சாத்தானே புள்ள திரும்பி வரும்?" என்று சொல்லிவிட்டு மலைக்குப் போய்விட்டார். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து வேலைக்கு இன்னும் போகிறார், இந்த வயதிலும்.

எனக்கு அந்தப் பதிலை ஏற்க முடியவில்லை. இதை எழுதும் இப்போதும் முடியவில்லை.

பின்னேரம் மழை. கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் நாலைந்து பேர் அடுப்படியில் கூடிவிட்டார்கள். ரொட்டியும் சம்பலும், பிளேன் டீயும். கதைகள் தாமாக வந்தன. ரோதை முனி கதை எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இயந்திரத்தை ஓட்டும் பெரிய சக்கரத்துக்கு ரோதை என்று பெயர். முன்பெல்லாம் தண்ணீரில் சுழன்றது. ரோதை புதிதாக ஓட ஆரம்பித்த காலத்தில் காவு கேட்டதாம். கை போனது, ஆள் போனது. இரவு வேலைக்கு நின்றவர்களுக்கு, எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும் சக்கரம் சுற்றுகிற சத்தம் கேட்குமாம். அப்புறம்தான் அதற்குப் பக்கத்தில் கல் நட்டு, சேவல் அறுத்து, முனியைக் காவல் வைத்தார்கள். கவ்வாத்துக் கத்திக்கும் தனியாக ஒரு சாமி இருக்கிறது: கவ்வாத்துச் சாமி. காட்டை வெட்டித் தோட்டமாக்கியவர்கள் தங்கள் கையை நறுக்கக்கூடிய ஒவ்வொரு இரும்புக்கும் ஒரு சாமியை வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. முனி ஒருவர்தான் அந்தக் காலத்தில் அவர்களுக்குக் கிடைத்த காப்புறுதி.

இருட்டில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாம் தரம்தான் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு அக்கா நினைவூட்டினார். பேய்க்கு மூன்று தரம் கூப்பிடத் தெரியாது. அம்மாயியும் இதையேதான் சொல்வார்.

நான்காம் நாள்: நுவரெலியா

தாத்தாவிடம் இரண்டு நாள் விடுப்பு வாங்கிக்கொண்டேன். தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா. வழியில் சில மலைகளில் தேயிலை பனிக்குக் கருகி, துருப்பிடித்த நிறத்தில் நின்றது. 1,868 மீட்டர் உயரத்து ஊர். தையும் மாசியும் இங்கே இரவில் உறைபனி விழும்.

பார்க்க வந்தது ஒரு கல்லறையை. கோல்ஃப் மைதானத்துப் பழைய இடுகாட்டில் மேஜர் ரோஜர்ஸ் கிடக்கிறார். பதுளையில் ஆங்கிலேய அரசின் அதிகாரி. 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று அவர் காலத்திலேயே பெயர் எடுத்தவர். 1845இல் அப்புத்தளையில் புயல் மழை கொஞ்சம் ஓய்ந்ததென்று வெளியே வந்து நின்றவர்மேல் இடி விழுந்தது. இது வரலாறு. கல்லறைக் கல்லிலும் இடி விழுந்து அது பிளந்தது, யானைகளின் சாபம் அவரை மண்ணுக்குள்ளும் விடவில்லை என்பது ஊர்க்கதை. கல் உடைந்துதான் இருக்கிறது. புல்லில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 1,400 யானை. சாபம் என்று ஒன்று இருந்தால் அது விழவேண்டிய இடத்தில் சரியாக விழுந்திருக்கிறது.

வேறு எதையும் பார்க்கவில்லை. ஏரிக்கரையில் ஒரே கூட்டம்.

ஐந்தாம் நாள்: அப்புத்தளை

வெலிமடை வழியாக அப்புத்தளை. ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர் அளவில், தங்கமலைக் காட்டையொட்டி அடிசம் பங்களா. தேயிலை வணிகத்தில் பெரிய ஆளாக இருந்த சர் தாமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டியது. இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் அவர் பிறந்த கிராமத்தின் பெயர் அடிசம். இப்போது கத்தோலிக்க ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் மடம். சனி, ஞாயிறில் பொதுமக்களை விடுகிறார்கள். கருங்கல் சுவர், உள்ளே மரத்தளம், அலமாரி அலமாரியாக அவருடைய புத்தகங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. தொட முடியாது. முதுகுகளை மட்டும் படித்துக்கொண்டு நின்றேன். தோல் அட்டை, மங்கிய பொன்னெழுத்து, பழைய பசையின் வாசனை.

இந்தப் பங்களாக்களில் இருந்த துரைமார் கிறிஸ்மஸ் காலத்தில் நெருப்பு மூட்டி உட்கார்ந்து பேய்க்கதை சொல்லும் ஊரிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்குப் பேய்க்கதையின் பருவம் மார்கழி. ஆங்கில எழுத்தாளர் டிக்கன்ஸ் தன் கிறிஸ்மஸ் பேய்க்கதையை வெளியிட்டது 1843 டிசம்பரில்தான். அப்புறம் எம்.ஆர். ஜேம்ஸ். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரித் தலைவராக இருந்தவர், பழைய கையெழுத்துப் பிரதிகளுக்கு அட்டவணை தயாரிப்பதில் வாழ்நாளைக் கழித்த அறிஞர். கிறிஸ்மஸ் சமயத்தில் நண்பர்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தானே எழுதிய கதையை வாசிப்பார். முதல் தொகுப்பு 1904இல் வந்தது. அவர் கதைகளில் ஓர் அறிஞர் பழைய ஏட்டையோ பழம்பொருளையோ கண்டெடுப்பார்; அதோடு சேர்ந்து ஏதோ ஒன்றும் எழுந்து வரும். புத்தகங்களோடு வாழ்ந்த ஒருவருக்குத்தான் அந்தப் பயம் தெரியும் என்று நினைக்கிறேன்.

நம்மிடமும் அது உண்டு. மழை வேண்டுமென்றால் மகாபாரதத்தின் விராட பருவம் படிப்பார்கள். பாரதத்தை வீட்டில் வைத்து முழுவதும் படித்து முடிக்கக்கூடாது என்பார்கள். சென்னையில் அச்சான பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களை எழுத்துத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, சுற்றி இருபது பேர் கேட்பார்கள். விக்கிரமாதித்தன் முதுகில் வேதாளம் ஏறுகிற இடத்தில் விளக்கின் திரியைத் தூண்டுவார்கள். புத்தகம் நமக்கு உயிருள்ள ஒன்று. அதற்கு நாள் பார்க்க வேண்டும், இடம் பார்க்க வேண்டும்.

பங்களாவின் கண்ணாடி அலமாரியையும் தாத்தாவின் பரணையும் மனதில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இங்கே எல்லாம் பத்திரமாக இருக்கிறது. நான் நின்ற அரை மணி நேரத்தில் ஒரு புத்தகத்தையும் யாரும் திறக்கவில்லை. அங்கே மாசிதோறும் பத்துப் பன்னிரண்டு இரவு ஒரு தோட்டமே அந்தக் கொப்பியைப் பாடுகிறது. ஆனாலும் சொல்கிறேன், எரிவதில் எனக்குச் சம்மதமில்லை. கோப்பித் தோட்டத்தைப் பாடிய ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' 1869இல் அச்சானதால்தானே அதைப் பற்றி இன்று பேசுகிறோம்? மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை லயம் லயமாகக் கேட்டு எழுதி, 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று 1983இல் புத்தகமாகத் தராவிட்டால் எத்தனை பாட்டு காற்றோடு போயிருக்கும்?

துறவிகள் விற்கும் ஜாம் ஒரு போத்தல் பேத்திக்கு வாங்கினேன்.

ஆறாம் நாள்: பௌர்ணமி

பௌர்ணமிக்கான போயா விடுமுறை. கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் பையன்கள் எல்லாரும் இரவு பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார்கள். தோட்டமே மஞ்சள் பூசிக்கொண்டதுபோல் இருந்தது.

இரவு பத்து மணிக்குத் தப்புக் காய்ச்ச ஆரம்பித்தார்கள். வைக்கோல் தீயில் தோலைச் சூடு காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, மறுபடி காட்டி. ரதியும் மதனும் லயம் லயமாக வந்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் நிறைகுடம், விளக்கு. ரதி கட்டியவர் கொழும்பில் ஹோட்டல் ஒன்றில் ரொட்டி போடுகிறவர். கண்ணுக்கு மை, தலைக்கு ஜிகினாக் கிரீடம். அவர் நடந்த நடையில் என் பக்கத்தில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நள்ளிரவுக்கு மேல் எமன் வந்தான். கறுப்புப் பூச்சு, கையில் பாசக்கயிறு, இரண்டு பக்கமும் தீப்பந்தம். குழந்தைகள் தாய்மாரின் சேலைக்குள் ஒளிந்தார்கள். வீரபத்திரன் தேயிலை வரிசைக்குள்ளிருந்து கத்திக்கொண்டு பாய்ந்தபோது எனக்கே கால் நடுங்கியது.

தாத்தா கம்பத்துக்குப் பக்கத்தில், மடியில் கொப்பியோடு உட்கார்ந்திருந்தார். ஒருதரம்கூட அதைப் பார்க்கவில்லை. கை மட்டும் அதன்மேல் இருந்தது.

விடிய இரண்டு மணி நேரம் இருக்க, மதன் அம்பு விட்டான். தப்பு சட்டென்று நின்றது. அத்தனை கூட்டத்திலும் ஓர் இருமல் இல்லை. சிவனின் நெற்றிப் பக்கமிருந்து தீ எழுந்து கம்பத்தைப் பிடித்தது. வைக்கோல் ஒரே மூச்சில் எரிந்தது. ரதி விழுந்தாள். அந்தப் புலம்பலை இங்கே எழுதமாட்டேன். கிழவிகள் வாய்விட்டு அழுதார்கள். நான் அம்மாயிக்காக அழுதேன். செத்த வீட்டில் வராத கண்ணீர் அங்கே வந்தது.

கூட்டம் கலைந்த பிறகு தாத்தாவும் நானும் கங்குக்குப் பக்கத்தில் இருந்தோம். அம்மாயி சொன்ன கதையை அவரிடம் சொன்னேன். கேட்டு முடித்து, கொஞ்ச நேரம் குச்சியால் சாம்பலைக் கிளறினார்.

"அது நான்தான் புள்ள."

அந்த மாசியில் அவருக்கு இருபது வயது. அப்பா படுக்கையில். ஊன்ற ஆளில்லை, ஆட ஆளில்லை. ஆனால் வருஷம் தப்பக்கூடாது. பௌர்ணமி இரவு வீட்டுக்குத் தெரியாமல் தப்பை எடுத்துக்கொண்டு வந்து, வெளியே தெரிந்தால் என்ன நடக்குமோ என்ற பயத்தில், பொட்டல் ஓரத்து மரத்துக்குப் பின்னால் நிலா படாத இடத்தில் உட்கார்ந்து அடித்திருக்கிறார். பாட்டை மனசுக்குள்ளே சொல்லிக்கொண்டாராம். லயத்தில் கதவு திறந்ததும், யாரோ எட்டிப் பார்த்ததும் தெரிந்ததாம்.

நாற்பது வருஷத்துக்கு மேல் எங்கள் வீட்டில் பேய் என்று நினைத்தது, மரத்தடியில் தனியே உட்கார்ந்திருந்த ஒரு பையனை.

"அப்ப ரெண்டாவது தப்பு?" என்று கேட்டேன். எதிர்மலையில் பட்டுத் திரும்பிய எதிரொலியாக இருக்கும் என்று நானே பதிலும் சொன்னேன்.

"மல திருப்பிச் சொல்லும்னு எனக்குத் தெரியாதா? இங்கயே பொறந்தவன். மல நாம அடிச்சததான் அடிக்கும். நான் அன்னிக்கிப் பாதியில அழுதுட்டேன், கை நின்னுபோச்சு. மிச்சத்த அதுதான் அடிச்சு முடிச்சுச்சு."

அதற்குமேல் அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

கொப்பி எரியவில்லை. பேத்தியின் புதுக் கொப்பியில் ரதி புலம்பல் மட்டும் பாக்கி: எட்டுப் பக்கம். முடியாத பிரதி இருக்கும்போது பழசு போகக்கூடாது.

ஏழாம் நாள்: இஸ்தோப்பு

எட்டு மணிக்கு எழும்பியபோது இஸ்தோப்பில் பாய் விரித்து, இரண்டு கொப்பியும் ஒரு நீலப் பேனையும் வைத்திருந்தது. இன்று மாலை கொப்பியைக் கட்டிவிட வேண்டும். பேத்திக்குக் கையில் சுளுக்கு என்று தாத்தா சொன்னார். பேத்தி உள்ளேயிருந்து அதே கையால் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

எழுதி முடித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அடுத்த மாசிப் பௌர்ணமியில் அந்த நீல மையும், தப்பு நிற்கும் கோடுகளும், மெழுகு வட்டமும், பூனையும் கம்பத்தோடு போகும். எழுதாவிட்டால், தாத்தாவுக்குப் பிறகு இந்தப் புலம்பலைப் படிக்கக்கூடிய நிலையில் அந்தத் தாள்கள் எத்தனை நாள் இருக்குமென்று சொல்ல முடியாது. ஓரங்கள் தொட்டாலே உதிர்கின்றன.

பேத்தி ஒவ்வொரு வரியாகச் சொன்னாள், நான் எழுதினேன். வீட்டுக்குள் கேட்காதபடி மெதுவாகத்தான் சொன்னாள். சில சொற்கள் எனக்கு விளங்கவில்லை; விளங்காதபடியே எழுதச் சொன்னார் தாத்தா. வெயில் ஏறியது. கீழே தண்ணீர் பிடிக்கும் பீலியில் பிள்ளைகள் நேற்று எமன் வந்த மாதிரி ஆடிக்காட்டிக்கொண்டிருந்தார்கள். ஆறாவது பக்கத்தில், ரதி தாய்வீட்டை நினைத்து அழுகிற இடத்தில், அம்மாயி முணுமுணுக்கும் ஒரு வரி வந்தது. அது பாட்டு என்றே இத்தனை நாள் எனக்குத் தெரியாது. ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். பேனையை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தேன்.

ஏழு பக்கம் முடிந்தபோது ஹட்டன் போகிற பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கடைசிப் பக்கத்தைப் பேத்தி பக்கம் நகர்த்தினேன். அவள் தாத்தாவைப் பார்த்தாள். அவர் இரண்டு கொப்பியையும் சேர்த்து மஞ்சள் துணியில் சுற்றி, பேத்தி பரணுக்கு ஏறுவதற்காக முக்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"மிச்சத்த அடுத்த மாசிக்கு வந்து எழுது புள்ள" என்றார்.